ஒரே காவிரி கொண்டுவந்த மண்தான் என்றால், ஆற்றில் மணலும் வயலில் களிமண்ணும் இருப்பது எப்படி?

டெல்டாவில் பிறந்து வளர்ந்தவன் என்பதால், இந்தக் கேள்வியைக் கண்டதும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. குடகு மலையில் தொடங்கும் காவிரி, வழியெல்லாம் பாறை சிதைந்த மண்ணை அள்ளிக்கொண்டு வருகிறது. அந்த மண்ணைப் பருமன் வாரியாகப் பிரித்துப் போடுவது தண்ணீரின் வேகம்தான்.

மண் இயலில் 2 மில்லிமீட்டர் முதல் 0.05 மில்லிமீட்டர் வரையுள்ள துகள் மணல், அதற்குக் கீழே 0.002 மில்லிமீட்டர் வரை வண்டல், அதனினும் நுண்ணியது களி. துகளின் விட்டம் பாதியானால், அது நீரில் மூழ்கும் வேகம் கால் பங்காகக் குறைந்துவிடும். உங்கள் வயல் மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கட்டிகளை நன்றாகக் கரைத்து, உயரமான கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்துப் பாருங்கள். பத்து சென்டிமீட்டர் ஆழத்தைக் கடக்க மணலுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. களிக்கோ ஏறத்தாழ எட்டு மணி நேரம் வேண்டும், மிக நுண்ணிய களி மறுநாளும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே வழவழப்பான களி என்று படிந்திருக்கும் அந்த அடுக்கின் விகிதம்தான் உங்கள் மண்ணின் தன்மை.

இதே வேலையை ஆறு நிலத்தின் மேல் செய்கிறது. திருச்சிக்குக் கிழக்கே சரிவு குறைந்து, கிளைகள் பிரியப் பிரிய ஓட்டம் தளர்கிறது. வேகமுள்ள நடு ஆற்றில் மணல்தான் தங்கும். வெள்ளம் கரை புரளும்போது, கரையைத் தாண்டிய நொடியிலேயே நீரின் வேகம் அடிபட்டுப்போவதால், நுண்மணலும் வண்டலும் கரையோரத்திலேயே விழுந்துவிடுகின்றன. வாழையும் காய்கறியும் செழிக்கும் படுகை நிலம் அப்படி உருவானதுதான். களியைச் சுமந்த நீர் மட்டும் தொலைவிலுள்ள தாழ்வான இடங்களில் போய்த் தேங்கி, நாட்கணக்கில் தெளிந்து வற்றுகிறது. நீரை எளிதில் கீழே விடாத அந்த மண்தான் நெல்லுக்கு ஏற்றது. ஒருமுறை படிந்த களி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், நுண்மணலை அரிப்பதைவிட வேகமான நீர் வந்தால்தான் அதை மீண்டும் பெயர்க்க முடியும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆண்டாண்டு காலமாகக் கரையோரம் மண் விழுந்துகொண்டே இருந்தால், ஆறு தன் இருபுறமும் மேடுகட்டிக்கொண்டு, சுற்றியுள்ள வயல்களைவிடச் சற்று உயரத்தில் ஓடத் தொடங்கும். பம்பு இல்லாத காலத்திலேயே வாய்க்காலை வெட்டிவிட்டால் தண்ணீர் தானாக வயலுக்குப் பாய்ந்ததற்கு இந்த அமைப்பே காரணம்; வெள்ளத்தில் கரை உடைந்தால் தாழ்ந்த வயல்களில் வாரக்கணக்கில் நீர் நிற்பதற்கும் இதுவே காரணம். மேடான ஆறு, சரிவு கூடுதலான வேறு வழியை எப்போதும் தேடும். காவிரிக்கு அந்த வழி கொள்ளிடம். கல்லணை அந்தக் காலத்திலேயே தேவைப்பட்டதும், காவிரியில் மணல் மேடிட்டு நீர் கொள்ளிடத்துக்கே போய்க்கொண்டிருந்ததால் 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டியதும் இதனால்தான்.

டெல்டாவில் போர் போடும்போது மணலும் களியும் மாறி மாறி வருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதில் வரும் மணல் அடுக்குகள் பெரும்பாலும் பழைய ஆற்றுத் தடங்கள். தண்ணீர் தாராளமாகக் கிடைப்பதும் அவற்றில்தான்.

பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 1934-இல் முடிந்த கல்லணைக் கால்வாய் அங்கே காவிரி நீரைக் கொண்டுசேர்த்ததே தவிர, அந்த மண் காவிரி படியவைத்தது அன்று. அதே ஆண்டில் மேட்டூர் அணையும் கட்டி முடிந்தது. அதன் பிறகு மேலிருந்து வரும் வண்டலின் பெரும்பகுதி நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. டெல்டாவுக்கு இது பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து.

கடைமடைக்குப் போகப் போகக் களிதானே மிக வேண்டும், வேதாரண்யத்தில் மாவும் நிலக்கடலையும் விளையும் மணல் மேடுகள் எப்படி வந்தன என்று நீங்கள் கேட்கலாம். அங்கே மண்ணைப் பிரிப்பது ஆறு அன்று, கடல். அலை ஓயாமல் அலசுவதால் நுண்துகள்கள் விலகிப்போக, மணல் மட்டும் கரையோரம் வரிவரியாகச் சேர்கிறது. மேட்டுக்குப் பின்னால் அலை எட்டாத உப்பங்கழியில் அதே களி மறுபடியும் படிந்திருப்பதைக் காணலாம்.