ஆக்ஸாலிக் ஊற்றியும் வரோவா திரும்பி வருவது ஏன்?

கேள்வி: எட்டுப் பெட்டிகளில் இத்தாலியத் தேனீ வளர்க்கிறேன். மூன்று பெட்டிகளின் வாசலில் இறகு சுருங்கிய இளம் தேனீக்கள் பறக்க முடியாமல் ஊர்ந்தன. வரோவா உண்ணி என்று தெரிந்ததும், அந்த மூன்றுக்கும் ஆக்ஸாலிக் அமிலத்தைச் சர்க்கரைப் பாகில் கரைத்து ஊற்றினேன். அடிப்பலகையில் உண்ணிகள் கொட்டின. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பழையபடி இருக்கிறது. மருந்து போலியா? அளவைக் கூட்டி இன்னொரு முறை ஊற்றலாமா? மேலே தேன் அறையில் தேனும் சேர்ந்திருக்கிறது.

பதில்: அளவைக் கூட்ட வேண்டாம். இப்போதைக்கு அதே அளவில் இன்னொரு முறையும் வேண்டாம். பாகை நக்கிச் சுத்தம் செய்யும் தேனீக்களின் வயிற்றுக்குள்ளும் அந்த அமிலம் போகிறது. ஒரே தலைமுறைக்கு இரண்டு முறை கொடுத்தால் உண்ணியோடு தேனீயும் சாகும், இன்னும் மூடாத அறைகளில் உள்ள புழுக்களும் கெடும்.

மருந்து போலியாக இருந்தால் அடிப்பலகையில் உண்ணி கொட்டியிருக்காது. எட்டிய இடத்தில் அது வேலை செய்திருக்கிறது. எட்டாத இடம்தான் சிக்கல். ஊற்றிய அன்று, புழு வளர்ந்ததும் தேனீக்கள் மெழுகால் மூடிவிடும் சிறு அறைகள் அடையில் எவ்வளவு இருந்தன என்று நீங்கள் எழுதவில்லை. இராணி மும்முரமாக முட்டையிடும் காலம் என்றால், உண்ணிகளில் பெரும்பகுதி அந்த மெழுகு மூடிக்குக் கீழேதான் இருந்திருக்கும். ஆக்ஸாலிக் மூடியைத் தாண்டாது.

நேரில் பார்த்துவிடுங்கள். ஆண் தேனீ அறைகள் மற்றவற்றைவிட உப்பலாகத் தெரியும். அவற்றில் இருபதை முள்கரண்டியால் குத்தி வெளியே இழுங்கள். வெள்ளைக் கூட்டுப்புழுவின் மேல் செம்பழுப்பாக, கடுகளவில், நீளத்தைவிட அகலம் கூடிய தட்டை நண்டு போன்ற உண்ணி ஒன்று நகரும். அது தாய். பக்கத்தில் வெளிறி இருப்பவை அதன் பிள்ளைகள். அறைச் சுவரில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது உண்ணியின் எச்சம். அறை மூடப்படுவதற்குச் சற்று முன்பு தாய் உள்ளே நுழைந்து, புழுவின் உணவுக்கடியில் பதுங்குகிறது. மூடிய பிறகு ஏறக்குறைய மூன்றாம் நாள் முதல் முட்டை, அது ஆண். பிறகு சுமார் 30 மணி நேரத்துக்கு ஒரு பெண் முட்டை. உடன்பிறப்புகள் அங்கேயே இணைகின்றன. பணித் தேனீயின் அறை 12 நாள் மூடியிருக்கும். ஆண் தேனீயின் அறை 14, 15 நாள். கூடுதல் நாளில் கூடுதல் மகள்கள் முதிரும் என்பதால் உண்ணிக்கு ஆண் அறை என்றால் கொள்ளை ஆசை. இந்த உண்ணி பூர்வீகமாக ஒட்டி வாழ்ந்தது அடுக்குத் தேனீயிடம். அங்கே அது பெரும்பாலும் ஆண் அறைகளில் மட்டுமே பெருகும், தேனீக்களும் உடம்பைச் சுத்தம் செய்து தள்ளிவிடும். இத்தாலியத் தேனீக்கு அந்தப் பழக்கம் போதாது. 2000ஆம் ஆண்டில் ஆண்டர்சன், ட்ரூமன் என்ற ஆய்வாளர்கள் இந்த உண்ணியைத் தனி இனமாகப் பிரித்தபோது ‘டிஸ்ட்ரக்டர்’, அதாவது நாசகாரி, என்று பெயரிட்டதில் மிகை ஏதுமில்லை.

அடுத்த வேலை எண்ணுவது. எட்டுப் பெட்டிகளையும் எண்ண வேண்டும், நோய் தெரிகிற மூன்றை மட்டும் எண்ணினால் போதாது. இறகு சுருங்குவது உண்ணி பரப்பும் வைரஸால். அது கண்ணில் படும் நேரத்தில் காலம் கடந்திருக்கிறது. புழு உள்ள சட்டம் (அடை கட்டிய மரச்சட்டகம்) ஒன்றை எடுத்து, இராணி அதில் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, அரை கோப்பை தேனீக்களை வலைமூடி போட்ட பாட்டிலில் உதறுங்கள். அது சுமார் 300 தேனீ. இரண்டு கரண்டி பொடித்த சர்க்கரை போட்டு உருட்டி, இரண்டு நிமிடம் நிழலில் வைத்து, வெள்ளைத் தட்டில் ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். சர்க்கரையில் தண்ணீர் தெளித்தால் உண்ணிகள் பழுப்பாகத் தெரியும். நூறு தேனீக்கு மூன்று, அதாவது தட்டில் ஒன்பது என்றால் தாமதிக்கக் கூடாது. தேனீக்கள் வெள்ளை வேட்டி கட்டியதுபோல் கூட்டுக்குத் திரும்பிவிடும். பெட்டி முழுக்கச் சர்க்கரை தூவியே உண்ணியை ஒழிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எண்ணுவதற்கு மட்டும் சர்க்கரையை நம்புங்கள்.

மருந்துக்கு இரண்டு வழி சொல்கிறேன். பகல் வெப்பம் 10 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் ஃபார்மிக் அமிலம். அதன் ஆவி மெழுகு மூடியைத் தாண்டி உள்ளே போகும். பட்டையாகவோ அட்டையாகவோ தயாராக வருவதையே வாங்கி, உறையில் எழுதிய நாளும் அளவும் பிசகாமல் வையுங்கள். வெயில் அதைவிட ஏறினால் ஆவி ஒரேயடியாகக் கிளம்பி இராணியையே இழக்க நேரிடும்.

வெயில் அதிகம் என்றால் இரண்டாவது வழி. எனக்குப் பிடித்ததும் இதுதான், பொறுமை மட்டும் வேண்டும். இராணியைப் பணித் தேனீக்கள் மட்டும் போய்வரக்கூடிய கூண்டில் வைத்து, பெட்டிக்குள்ளேயே 24 நாள் அடைத்துவிடுங்கள். கடைசி முட்டையிலிருந்து பணித் தேனீ 21 நாளிலும் ஆண் தேனீ 24 நாளிலும் வெளியே வந்துவிடும். உண்ணிக்கு ஒளிய இடமில்லை. ஏழாம் நாள் பார்த்து, புது இராணி அறை கட்டியிருந்தால் அகற்றுங்கள். 25ஆம் நாள் இராணியை விடுவித்து ஆக்ஸாலிக் ஊற்றலாம். 35 கிராம் ஆக்ஸாலிக் அமில டைஹைட்ரேட்டை (நீர் சேர்ந்த படிக வடிவம்), சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் கலந்த ஒரு லிட்டர் பாகில் கரைத்து, தேனீ நிறைந்த ஒவ்வொரு சட்ட இடைவெளிக்கும் 5 மில்லி. பெட்டிக்கு 50 மில்லிக்கு மேல் கூடாது. ஒரே முறை. பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் இரண்டு அமிலத்தையும் தொடாதீர்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

தேன் அறையை முதலில் இறக்கி, தேனை எடுத்துவிடுங்கள். முன்பு ஊற்றியபோது அது மேலேயே இருந்திருந்தால், அந்தத் தேனை விற்காமல் தேனீக்களுக்கே விடுங்கள்.

எந்த வழியானாலும் எட்டுப் பெட்டிக்கும் ஒரே நாளில் செய்ய வேண்டும். மூன்றை மட்டும் கவனித்ததும் ஒரு தவறு. சோர்ந்த பெட்டியைப் பலமான பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்கும்போது தேனோடு உண்ணியையும் சுமந்து போகும். அதே காரணத்தால், நலிந்த மூன்றையும் சிகிச்சை முடிந்து எண்ணிக்கை இறங்கும் வரை மற்றவற்றோடு இணைக்காதீர்கள். வாசலை இரண்டு தேனீ நுழையும் அளவுக்குச் சுருக்கி, மாலையில் பாகு கொடுங்கள். சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ணி, இரண்டு எண்ணிக்கையையும் பெட்டி வாரியாக எழுதி அனுப்புங்கள்.