சித்தப்பா சொன்ன ஆறு மாதம்

கேள்வி: டொக்டர் ஐயா, அப்பாவுக்கு 67 வயது. வயல் செய்கிறார். நாற்பது வருடமாகச் சுருட்டுப் பழக்கம். இருமல் விடாததால் எடுத்த சி.டி. ஸ்கேனில், வலது நுரையீரலின் மேல் மடலில் 2.8 சென்ரிமீற்றர் கட்டி என்று எழுதியிருக்கிறார்கள். தனியாரிடம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சி.ஈ.ஏ. 6.8, பக்கத்தில் 'எச்' என்று தடித்த எழுத்து. கனடாவிலிருக்கும் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, ஆறு மாதம்தான் என்கிறார். உண்மையா? பெட் ஸ்கேன் எடுத்தால் சரியாகச் சொல்லிவிடுவார்களா? 2009இல் பட்ட செல் (எறிகணை) துண்டு ஒன்றும் அப்பாவின் நெஞ்சில் இருக்கிறது.
– மகள், ஒட்டுசுட்டான்

பதில்: பிள்ளை, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். ஊசி மூலம் சதைத்துண்டு எடுத்துப் பரிசோதித்ததாக அதில் எங்கும் இல்லை. அப்படியென்றால் இது புற்றுநோய் என்றே இன்னும் உறுதியாகவில்லை. பிள்ளை பிறக்க முன்னரே சாதகம் எழுதிவிட்டார் உங்கள் சித்தப்பா.

சி.ஈ.ஏ. என்பது 1965இல் மொன்றியலில், குடல் புற்றுநோயை ஆராய்ந்தவர்கள் கண்டெடுத்த ஒரு புரதம். நுரையீரல் புற்றுநோயிலும் கூடும்; புற்றுநோய் எதுவும் இல்லாத சுருட்டுக்காரரிடமும் கூடும். புகைப்பவர்களுக்கு 5 வரை சாதாரணம் என்று பல ஆய்வுகூடங்கள் வைத்திருக்கின்றன. 6.8 அந்த வரம்பைச் சற்றே தாண்டி நிற்கிறது, அவ்வளவுதான். 'எச்', அதாவது 'கூட' என்ற எழுத்தைப் போட்டது கணினி. அதற்கு உங்கள் அப்பாவையும் தெரியாது, சுருட்டையும் தெரியாது.

குளத்தில் இன்று 20 அடித் தண்ணீர் என்றால், அது ஏறுகிற தண்ணீரா வற்றுகிற தண்ணீரா என்று கேட்காமல் அப்பா சிறுபோகத்துக்கு விதைநெல் எடுப்பாரா? இந்த எண்ணும் அப்படித்தான். சத்திரசிகிச்சைக்கு முன் கூடியிருந்தது சில வாரங்களில் இறங்கினால் நல்லது. இறங்காமல் நின்றாலோ, இறங்கிய பிறகு படிப்படியாக ஏறினாலோ வைத்தியர் யோசிப்பார். நோய் திரும்புவதை, ஸ்கேனில் தெரிவதற்கு முன்பே சில வேளை அது காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வுகூடத்தில் எடுங்கள். இடத்துக்கு இடம் முறை வேறு, எண்ணும் வேறு.

ஆயுளைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமானால், நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். பல நாட்டு நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த சர்வதேசக் கணக்கொன்றில், நிணநீர்க் கட்டிகளுக்கோ வேறு உறுப்புக்கோ பரவாத 2 முதல் 3 சென்ரிமீற்றர் வரையான புற்றுக்கட்டி உள்ளவர்களில், 100க்கு 77 பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டியிருந்தார்கள். அதே அளவுக் கட்டி மூளைக்கும் எலும்புக்கும் போயிருந்தால் கணக்கு தலைகீழ். சித்தப்பாவின் ஆறு மாதம் இந்த இரண்டில் எதற்கு என்று அவரிடமே கேளுங்கள்.

பெட் ஸ்கேன் உதவுவது இந்த இடத்தில்தான். கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை நாளத்தில் ஏற்றுவார்கள். சர்க்கரையை அதிகம் தின்னும் இடம் படத்தில் ஒளிரும். அதன் கதிரியக்கம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும் என்பதால், குறித்த நேரத்துக்குப் போய்விட வேண்டும். ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் அல்ல. காசநோயும் ஒளிரும். உலோகத் துண்டைச் சுற்றியும் இல்லாத ஒளி தோன்றலாம்.

செல் துண்டை மறைக்காமல் எழுதியது நல்லது. எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினால் அதை முதல் ஆளாக நீங்களே சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் பெரிய காந்தம் இரும்பை அசைத்துவிடக்கூடும். நான் வேலை பார்த்த காலத்தில், முள்ளியவளைப் பக்கத்து இளைஞர் ஒருவரை வெளியூர் வைத்தியசாலை ஒன்றுக்கு அனுப்பினோம். அவர் உடம்பில் இருந்த செல் துண்டைக் கடிதத்தில் எவரும் குறிப்பிடவில்லை. எழுதியவர்களில் நானும் ஒருவன். அறை வாசலில் தாயத்தைக் கழற்றச் சொன்னபோது அவர், "உள்ளே இருப்பதையும் கழற்ற வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விதான் அவரைக் காப்பாற்றியது.

இனி வீட்டில் ஒரு வேலை. மீள்குடியேறிய பிறகு அப்பாவுக்கு எப்போதாவது நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருப்பீர்கள். அலுமாரிக்கு மேலே, பாய்க்குக் கீழே தேடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் செல் துண்டு நெல்மணி போலக் கூரான வெள்ளையாகத் தெரியும். அதை விடுங்கள், கட்டி இருக்கும் இடம் அன்று எப்படி இருந்தது என்பதை வைத்தியர் பார்க்கட்டும். இரண்டு வருடத்துக்கு மேலாக மாறாமல் நிற்கும் திண்மையான கட்டி பெரும்பாலும் புற்றுநோயாக இருப்பதில்லை. இரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்த காசை விட அந்தப் பழைய படத்துக்குப் பெறுமதி அதிகம்.

அப்பா இப்போதும் வரம்பில் தனியாக நடக்கிறாரா, உடம்பு மெலிந்திருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. கிளினிக்கில் நல்ல வைத்தியர் அவர் கதவிலிருந்து கதிரை வரை வருவதையே கவனிப்பார். சிகிச்சையைத் தாங்குவாரா என்பதற்கு அந்தப் பத்தடி நடை பெரிய சாட்சி. நெஞ்சுநோய் வைத்தியரை இந்த வாரமே பாருங்கள். புற்றுநோய் என்று உறுதியானால் சிகிச்சைக்குத் தெல்லிப்பழை இருக்கிறது. பெட் ஸ்கேனுக்கு மகரகம.

கேள்வி: கணவருக்குச் சிறுகல நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்தது. சிறுநீரக கிளினிக்குக்கும் போகிறார். இம்முறை இரத்தத்தில் புரோ-ஜி.ஆர்.பி. என்ற புற்றுநோய்க் குறிகாட்டி கொஞ்சம் கூட. நோய் திரும்பிவிட்டதா?
– வாசகி, வவுனியா

பதில்: அம்மா, சிறுநீரக நோய் மலிந்த நம் பக்கத்தில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் அதிசயம். அந்தப் பொருளை வெளியேற்றுவது சிறுநீரகம். அது சோர்ந்தால் புற்றுநோய் இல்லாமலே எண் ஏறும். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேற்றினின் அறிக்கையையும் சேர்த்துக் காட்டுங்கள். கிரியேற்றினின் மாறாமல் இது மட்டும் ஏறியிருந்தால் அடுத்த ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம். இதே போன்ற இன்னொரு குறிகாட்டியான என்.எஸ்.ஈ. பரிசோதனையும் எழுதித் தந்தால், இரத்தத்தை ஆய்வுகூடத்திலேயே கொடுங்கள். வழியில் குலுங்கிச் செவ்வணுக்கள் உடைந்தால் அந்த எண்ணும் பொய்யாக ஏறும்.

கேள்வி: எனக்கு 34 வயது, நோய் எதுவும் இல்லை, புகைப்பதும் இல்லை. முற்காப்பாகப் புற்றுநோய் இரத்தப் பரிசோதனைகள் எல்லாவற்றையும் எடுக்கலாமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: வேண்டாம் தம்பி. காசு மிஞ்சியிருந்தால் முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்குங்கள்.