‘உலகின் முதல் 2% விஞ்ஞானிகள்’ பட்டியல் என்றால் என்ன? இலங்கையில் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ படிப்பிக்கும் ஒருவரின் பெயர் அதில் வந்தால் அதற்கு என்ன அர்த்தம்?

ஒருவரின் ஆய்வுக் கட்டுரைகளை உலகின் மற்ற ஆய்வாளர்கள் எவ்வளவு எடுத்தாண்டிருக்கிறார்கள் என்று எண்ணி, அவரவர் துறைக்குள் வரிசைப்படுத்தும் பட்டியல் இது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் ஐயோனிடிஸின் குழு, எல்சிவியர் என்ற பதிப்பு நிறுவனத்தின் ஸ்கோபஸ் எனும் ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தை வைத்து இதைத் தயாரிக்கிறது. வாழ்நாள் முழுவதற்கும் ஒன்று, ஒரே ஆண்டுக்கு ஒன்று என இரண்டு பட்டியல்கள் உண்டு. வாழ்த்துப் பதிவுகளில் எது என்று பெரும்பாலும் சொல்லமாட்டார்கள், கேட்டுப் பாருங்கள்.

துறைவாரியாக ஏன் பிரிக்க வேண்டும்? மருத்துவத்தில் ஒரு கட்டுரையை நூற்றுக்கணக்கானோர் எடுத்தாளலாம், கணிதத்தில் அது அபூர்வம். முரளிதரனை அவர் அடித்த ஓட்டங்களை வைத்து அளந்தால் எப்படி இருக்கும்? பந்துவீச்சாளரைப் பந்துவீச்சாளரோடுதான் ஒப்பிட வேண்டும். வெறும் எண்ணிக்கை மட்டும் போதாது என்பதால், தனியாக எழுதியவை, முதல் ஆசிரியராக எழுதியவை என்பன உட்பட ஆறு அளவுகளைச் சேர்த்துப் புள்ளி போடுகிறார்கள்.

சரி, இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஸ்கோபஸில் இருப்பவை பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்கள். மட்டக்களப்புக் கூத்தையோ கண்ணகி வழிபாட்டையோ பற்றி ஆயுள் முழுக்கத் தமிழில் எழுதிய ஒருவர் இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட இல்லாத ஆள்தான்.

அப்புறம், பலர் நினைப்பதுபோல இது ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் ஆளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் விருது அல்ல. விண்ணப்பமும் இல்லை, நடுவர் குழுவும் இல்லை, எல்லாம் தரவிலிருந்து போட்ட கணக்கு.