முடி கொட்டினால் மூன்று மாதம் பின்னோக்கிப் பாருங்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் இம்முறை வந்த கேள்விகளில் பாதி குழாய்த் தண்ணீர் மீது பழி போடுகின்றன. மீதி ஷாம்பூ மீது. பெரும்பாலும் இரண்டுமே நிரபராதிகள்.

கேள்வி: டிங்கிக் காய்ச்சலில் படுத்து எழுந்து இரண்டரை மாதமாகிறது. இப்போது தலை வாரினால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. போன மாதம்தான் தோட்டத்து லயத்திலிருந்து டவுனுக்கு வீடு மாறினோம். இந்தத் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் மாமியார். முடி மறுபடி வளருமா?

பதில்: வளரும் அம்மா. காரணம் தண்ணீர் அல்ல, டிங்கி. நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளர்ந்து, சுமார் மூன்று மாதம் ஓய்ந்திருந்து, பிறகு உதிர்கிறது. அதனால் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி போவது இயல்பு. கடுங்காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைப்பது என்று உடம்பு அடிவாங்கும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஏராளமானவை ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. அவை விழுவதோ இரண்டு, மூன்று மாதம் கழித்து. அதற்குள் காய்ச்சல் மறந்துபோகும். அண்மையில் மாற்றிய ஷாம்பூவும் வீடும்தான் கண்ணில் படும்.

குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் முடியை வறட்டலாம், வேரை அசைக்காது. உதிர்ந்த முடியின் அடியில் சின்ன வெள்ளைக் குமிழைப் பார்த்து, வேரோடு வந்துவிட்டதே என்று பதற வேண்டாம். முடியை உண்டாக்கும் வேர்ப்பை தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. பொதுவாக ஆறு மாதத்தில் உதிர்வு அடங்கும். பழைய அடர்த்தி திரும்ப மேலும் சில மாதங்கள் ஆகும். அதுவரை, பயந்துகொண்டு தலைக்குக் குளிக்காமல் இருந்துவிடாதீர்கள். விழ வேண்டிய முடி சேர்ந்து ஒரே நாளில் விழும். அன்று பயம் இரட்டிப்பாகும். ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வயது 24. செம்பனை ஆலையில் வேலை. நெற்றி இருபுறமும் ஏறிக்கொண்டே போகிறது. தினமும் மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் போடுவதாலா? தாய்மாமனுக்கும் வழுக்கை.

பதில்: ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிடாதீர்கள் தம்பி, தலை முக்கியம். நீங்கள் சொல்வது பரம்பரை வழுக்கை போலத் தெரிகிறது. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டிஎச்டி என்ற ஹார்மோன், அதற்கு இடம்கொடுக்கும் மரபணு உள்ளவர்களின் வேர்ப்பைகளைச் சிறிது சிறிதாகச் சுருக்கிவிடுகிறது. தாய்மாமன் மட்டும் குற்றவாளி அல்ல; அப்பா வழியிலும் வரும். தலையில் பூசும் மினாக்சிடில் மருந்தும், ஆண்கள் விழுங்கும் பினாஸ்டெரைடு மாத்திரையும் பலன் தருவதற்குச் சான்று உண்டு. பினாஸ்டெரைடை மருத்துவர் எழுதித்தர வேண்டும். சிலருக்குப் பாலுணர்வு குறையலாம், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். மினாக்சிடில் பூசத் தொடங்கிய முதல் வாரங்களில் முடி கூடுதலாகக்கூடக் கொட்டும். பலரும் அங்கேயே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நாலைந்து மாதம் பொறுத்தால்தான் பலன் தெரியும்; நிறுத்தினால் பலனும் போய்விடும்.

கைப்பேசியில் வரும் 'முப்பது நாளில் முடி' விளம்பரங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நம் மலேசியாவில் பதிவுபெற்ற மருந்தின் பெட்டியில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாத மாத்திரையை வாங்காதீர்கள்.

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளின் தலையில் இருபது சென் அளவுக்கு முடி இல்லை. புழுவெட்டு, சின்ன வெங்காயம் தேய் என்கிறார்கள்.

பதில்: எந்தப் புழுவும் வெட்டவில்லை. அந்த இடம் வழவழப்பாக இருந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் முடி வேரையே தாக்குவதாக இருக்கலாம். சிறிய திட்டு பல குழந்தைகளுக்கு ஓராண்டுக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். செதில், அரிப்பு, ஒடிந்த முடிக் கட்டைகள் தெரிந்தால் அது படர்தாமரைப் பூஞ்சை, பூனையிடமிருந்தும் ஒட்டும். பூஞ்சை வேருக்குள் இருப்பதால் களிம்பு மட்டும் போதாது, வாரக்கணக்கில் வாய்வழி மருந்து தேவை. சீப்பு, துண்டை மற்றவர்களோடு பகிரக் கூடாது. வெங்காயச் சாறு பிஞ்சுத் தோலைப் புண்ணாக்கும், வேண்டாம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்குப் பார்த்துவிடலாம். ரிப்பன் வைத்து இழுத்துப் பின்னும் சடையையும் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆண்டுக்கணக்கில் இழுபடும் நெற்றியோர முடி நிரந்தரமாகவே போய்விடலாம்.

கேள்வி: பத்துமலையில் குழந்தைக்கு மொட்டை போட்டால் முடி அடர்த்தியாகுமா?

பதில்: வேண்டுதலுக்காகப் போடுங்கள், அடர்த்திக்காக வேண்டாம். கத்தி வேரைத் தொடுவதில்லை. வெட்டுப்பட்ட நுனி மழுங்கியிருப்பதால் தடவினால் தடிப்பாகத் தோன்றும், அவ்வளவுதான்.

கேள்வி: வயது 43. நாற்றுப்பண்ணை வேலை. வகிடு அகலமாகிக்கொண்டு வருகிறது, எப்போதும் அசதி. பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன், தேங்காய் எண்ணெயும் வைக்கிறேன்.

பதில்: எண்ணெய் முடி உடைவதைக் குறைக்கும், புது முடியை முளைக்க வைக்காது. அசதி என்று எழுதியதுதான் என்னை நிறுத்தியது. மாதவிடாய் அதிகமாகப் போகிறதா? இரத்தத்தில் இரும்புச் சேமிப்பையும் தைராய்டையும் பரிசோதியுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் இது பெண்களுக்கு வரும் பரம்பரை மெலிவாக இருக்கலாம். அதற்கும் மினாக்சிடில் உண்டு. இரும்பு குறைவாக இருந்தால், சாப்பாட்டோடு தேநீர் குடிப்பதை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள். தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாது. பயோட்டின் குறைபாடு அரிது, அந்தக் காசுக்கு நெத்திலியும் கொய்யாவும் வாங்கலாம். அதிக அளவு பயோட்டின் தைராய்டுப் பரிசோதனை முடிவையே மாற்றிக் காட்டக்கூடும். இரத்தம் எடுக்கப் போகும் முன் கிளினிக்கில் அதைச் சொல்லிவிடுங்கள்.