"கப்பலேறிப் போங்கள்" என்றால் வழக்குப் போடலாமா?

கேள்வி: டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தண்ணீர் வராதது பற்றிய பேச்சில் ஒருவர், "இந்தியர்கள் எல்லோரும் கப்பலேறிப் போங்கள்" என்று எழுதினார். ஆத்திரத்தில் நானும் அவருடைய இனத்தைச் சொல்லி நாலு வார்த்தை எழுதிவிட்டேன். வெறுப்புப் பேச்சு என்று அவர்மீது வழக்குப் போட முடியுமா?

பதில்: போடலாம். ஆனால் அந்த நாலு வார்த்தை என்னவென்று நீங்கள் எழுதவில்லை. நீதிமன்றத்தில் எதிராளி முதலில் எடுத்து நீட்டப்போவது அதைத்தான்.

நம் தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் 16ஆம் பிரிவு பேச்சுரிமை தருகிறது. இனம், மதம் முதலியவற்றின் பேரால் வெறுப்பை வளர்த்துத் தீங்கு செய்யத் தூண்டும் பேச்சுக்கு அந்தக் காப்பு இல்லை. 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமோ ஒரு படி மேலே போய், மனத்தைப் புண்படுத்தும் பேச்சையும் வெறுப்புப் பேச்சில் சேர்த்தது. தன்பாலின ஈர்ப்பாளர்களை இழிவுபடுத்திப் பத்திரிகையாளர் ஜான் குவெலானே 2008இல் எழுதிய பத்திரிகைக் கட்டுரை தொடர்பான வழக்கில், அந்தப் பகுதி செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. கட்டுரை வெறுப்புப் பேச்சுதான் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆகவே இன்று மனம் நொந்தது மட்டும் போதாது. நியாயமாகப் படிக்கும் எவருக்கும், தீங்கு செய்யும் நோக்கமும் வெறுப்பைப் பரப்பும் நோக்கமும் சேர்ந்தே தெரிய வேண்டும்.

1860இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்திறங்கியவர்களின் வழிவந்தோருக்கு "கப்பலேறிப் போங்கள்" சுடத்தான் செய்யும். எனக்கும் சுடுகிறது. ஆனாலும் அந்த ஒற்றை வரியை வைத்து வெல்வது கடினம் என்பதே என் கணிப்பு. கடற்கரைக்கு வந்த கறுப்பின மக்களைக் குரங்குகள் என்று பேஸ்புக்கில் எழுதிய பெண்மணியை 1,50,000 ராண்ட் கட்டும்படி சமத்துவச் சட்ட வழக்குகளை விசாரிக்கும் உம்சின்டோ சமத்துவ நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. மனிதரை மிருகமாக்கும் பேச்சு வேறு தட்டில் நிற்கிறது. உங்கள் நாலு வார்த்தையில் அப்படி ஏதும் இருந்தால், வழக்கை மறந்துவிட்டு அதே குழுவில் மன்னிப்புக் கேளுங்கள். பதிவை அழிப்பதால் பயனில்லை; இந்நேரம் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள்.

அப்படி இல்லையென்றால், உங்கள் பகுதி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போய்ச் சமத்துவ நீதிமன்றக் கிளார்க்கைக் கேளுங்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. உரையாடலை வெட்டாமல், உங்கள் பதிலோடு, தேதி தெரியும்படி கொடுங்கள். படிவத்தில் "மனம் புண்பட்டது" என்பதோடு நிறுத்தாமல், அதற்குப் பிறகு தெருவில் நடந்ததை எழுதுங்கள்: யார் வீட்டு வாசலில் கல் விழுந்தது, யாருடைய பிள்ளைகளைக் கேலி செய்தார்கள், யார் குழுவை விட்டு விலகினார்கள் என்று.