வீட்டு வானிலை நிலையத்தின் சென்சாருக்கு வெயில் கவசத்தை நாமே செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் நான் செய்த கவசம் மூன்று கோடையைத் தாண்டி நிற்கிறது.

மொட்டைமாடியில் வைத்த சென்சார் நடுப்பகலில் 45 டிகிரி காட்டுகிறது, சென்சாரை மாற்றவா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். எந்த வெப்பமானியும் தன் உடம்புச் சூட்டைத்தான் சொல்லும். வெயில் அதன்மேல் விழுந்தால் காற்றின் சூடு அதற்குத் தெரியாது. டிஎச்டி22 என்ற வகை சென்சார் அரை டிகிரி முன்பின் காட்டும் என்பார்கள். வெயில் ஏற்றுகிற டிகிரிகளுக்கு முன்னால் அது ஒரு பொருட்டே இல்லை.

என் முதல் கவசம் ஓட்டை போட்ட வெள்ளை பிவிசி குழாய். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதன் வழியாக ஊதித் தள்ளியது. அளவும் ஒழுங்காக வந்தது, நம்பிவிட்டேன். பங்குனியில் குட்டு வெளிப்பட்டது. இலை அசையாத ஒரு மதியம் 42 காட்டியது. அம்மிச்சியின் முறத்தை வாங்கி, குழாய்க்கு இரண்டடி தள்ளி நிழல் விழும்படி பிடித்தேன். பத்து நிமிடத்தில் 39. முறத்து நிழலில் தோட்டத்துக் காற்று குளிர்ந்துவிடாது. அந்த மூன்று டிகிரியும் குழாய் வாங்கிய வெயில். கவசமும் சூடாகும், அந்தச் சூட்டைக் காற்று அள்ளிக்கொண்டு போக வழி வேண்டும் என்பது அன்றுதான் புரிந்தது. 1860களில் ஸ்காட்லாந்துக் கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்த வெப்பமானிப் பெட்டிக்கு நான்கு பக்கமும் இரட்டைச் சாய்சட்டங்கள் இருப்பதும் இதனால்தான்.

இப்போது இருப்பது பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் தட்டுகள், ஒன்பது. எல்லாவற்றையும் கவிழ்த்து, மூன்று மரைக்கம்பிகளில் கோத்திருக்கிறேன். தட்டுக்குத் தட்டு இடைவெளிக்கு ஒயரிங் குழாயை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிப் போட்டேன். மேல் மூன்று தட்டுகள் முழுசு; மற்றவற்றின் நடுவில் வட்டமாக வெட்டி எடுத்து, அந்தக் கூட்டுக்குள் எதையும் தொடாமல் சென்சாரைத் தொங்கவிட்டேன். தட்டு மட்டத்தில் கண்ணை வைத்து எந்தப் பக்கம் பார்த்தாலும் சென்சார் தெரியக் கூடாது. தெரிந்தால் காலை, மாலைச் சாய்வெயில் அந்த வழியாகவே நுழையும்.

மேற்புறத்துக்கு வெள்ளை பெயின்ட். அடிப்புறத்துக்குக் கறுப்பு அடித்தேன், தரையில் பட்டு மேலெழும் வெளிச்சம் உள்ளே எதிரொளிக்காமல் இருக்க. அலுமினியத் தாள் சுற்றச் சொல்பவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். அது வெயிலைத் திருப்பி அனுப்பினாலும், வாங்கிய கொஞ்ச வெப்பத்தை வெளியே கதிர்வீசத் தெரியாமல் வைத்துக்கொள்ளும். வெள்ளை பெயின்ட் இரண்டையும் செய்யும்.

மொட்டைமாடியை மறந்துவிடுங்கள். காங்கிரீட் தன் சூட்டையும் சேர்த்து ஏற்றிவிடும். புல்தரையில், சுவரை விட்டு விலகி, ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்துக்குள் கம்பம் நடுங்கள். தட்டிடுக்கில் குளவி கூடு கட்டும், புழுதி படிந்தால் வெள்ளை மங்கும். மாதம் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

போன பங்குனியில் அதே முறத்தைப் பிடித்துப் பார்த்தேன். அரை டிகிரிதான் இறங்கியது. அதையும் குறைக்கப் பழைய கணினியின் சிறு விசிறி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். அதைச் சென்சாருக்கு மேலே பொருத்திக் காற்றைக் கீழிருந்து உறிஞ்ச விட வேண்டும். கீழே வைத்தால் மோட்டாரின் சூடு நேராகச் சென்சாரில் போய்ப் படும்.