தேவகோட்டை ஆச்சிக்கு: மகளின் ஆங்கிலத் தாளைப் பார்த்த பிறகு

ஆச்சி, போன வாரம் மகளோடு காரைக்குடிக்கு வந்து, "பொண்ணுக்குக் கணக்கெல்லாம் நல்லா வருது, இங்கிலீஷ்தான் காலை வாருது" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அவள் கொடுத்துவிட்டுப் போன ஏழு மாதிரித் தேர்வுத் தாள்களையும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். முதலில் உங்கள் மனசு ஆறட்டும்: அவளுக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. பத்தியை வாசித்து விடை சொல்லும் கேள்விகளை ஒழுங்காகவே போட்டிருக்கிறாள். அடிவாங்குவது வாக்கியப் பிழை திருத்தும் கேள்விகளில்தான். அதிலும் இரண்டே இடம். ஒன்று, இன், ஆன், டு, வித் போன்ற சின்னச் சொற்கள். மற்றொன்று, ஒரு பெயரை விவரிக்க வரும் தொடரை வாக்கியத்தில் எங்கே வைப்பது என்பது. பயிற்சி மையத்தில் முதலாவதை பிரிப்பொசிஷன் என்றும் அடுத்ததை மாடிஃபயர் என்றும் சொல்லியிருப்பார்கள்.

இருபதாயிரம் கட்டி மதுரையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் ஆச்சி. அவள் எழுதும், வங்கி அதிகாரி வேலைக்கான ஐபிபிஎஸ் பிஓ முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 20 நிமிடம். ஒரு தவறுக்குக் கால் மதிப்பெண் கழியும். மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் 25 கேள்வி, கேள்விக்கு 2 மதிப்பெண், தவறுக்கு அரை மதிப்பெண் போகும். இங்கே சரளமாகப் பேசுவது உதவாது. எந்த வினைச்சொல்லோடு எந்தச் சின்னச் சொல் வரும் என்று கண் பழக வேண்டும், அவ்வளவுதான்.

அவள் எங்கே தவறுகிறாள் என்று பார்த்தேன். தமிழில் நினைத்து, நம் வேற்றுமை உருபை அப்படியே ஆங்கிலத்தில் ஒட்டுகிறாள். 'என் மேல் கோபம்' என்பது மனசில் ஓடுகிறது, 'ஆங்ரி ஆன் மீ' என்பதைச் சரி என்று விட்டுவிடுகிறாள். ஆங்கிலத்தில் ஆளோடு கோபம் என்றால் 'ஆங்ரி வித்' தான். 'கணக்கில் கெட்டிக்காரி' என்பதால் 'குட் இன் மேத்ஸ்' என்று நினைக்கிறாள், தேர்வில் கேட்பது 'குட் அட்'. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்ற பழக்கத்தில் 'டிஸ்கஸ் அபவுட்' வந்துவிடுகிறது, 'மதுரைக்குப் போய்ச் சேர்ந்தான்' என்ற பழக்கத்தில் 'ரீச்ட் டு மதுரை' வந்துவிடுகிறது. இந்த இரண்டு வினைக்கும் பின்னால் எந்தச் சின்னச் சொல்லும் வரக்கூடாது. 'என்டர்' சொல்லும் அப்படித்தான், அறைக்குள் நுழைய அது மட்டும் போதும். ஒப்பந்தம் செய்துகொள்ளும்போது மட்டும் 'என்டர் இன்ட்டு' சரி. கேள்வி எடுப்பவர்களுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

நம் உருபு எல்லா இடத்திலும் குழி பறிப்பதில்லை, கைகொடுக்கும் இடமும் உண்டு. 'மூன்று வருஷமாக' என்பதில் 'ஆக' வந்தால் ஃபார். '2021இலிருந்து' என்பதில் 'இருந்து' வந்தால் சின்ஸ். அவள் தாளில் இது மட்டும் நாலு இடத்தில் தப்பு. 'விட' என்று வந்தால் பெரும்பாலும் 'தேன்' (than). ஆனால் சுபீரியர், இன்ஃபீரியர், சீனியர், ஜூனியர், பிரையர் ஆகிய ஐந்தும் இலத்தீன் வழி வந்தவை, அவற்றுக்கு டு. ப்ரிஃபர் சொல்லுக்கும் அதே டு தான்.

அடுத்த சிக்கலுக்கு வருகிறேன். பிள்ளைகள் பயப்படும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று சென்னை, காரைக்குடி, இரங்கூன் என்று மூன்று ஊரிலும் ஒரே நாளில் தொடங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நிறுவியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். இதை வைத்தே அவளுக்கு ஒரு வாக்கியம் எழுதிக் காட்டினேன்: 'ஃபவுண்டட் இன் 1937, சிதம்பரம் செட்டியார் ஓபன்ட் எ பிராஞ்ச் இன் காரைக்குடி.' பிழை இல்லை என்று டிக் அடித்தாள். தமிழில் சொல்லிப் பார் என்றேன். "1937இல் தொடங்கப்பட்ட சிதம்பரம் செட்டியார்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திச் சிரித்துவிட்டாள். தொடங்கப்பட்டது வங்கி, அவர் இல்லையே! காற்புள்ளிக்கு அடுத்து 'த பேங்க்' வந்தால்தான் சரி.

இன்னொன்று, ஐஎன்ஜி என்று முடியும் சொல்லில் தொடங்கும் வாக்கியம். 'தெருவில் நடந்துபோகும்போது அந்தப் பெரிய கதவு என் கண்ணில் பட்டது' என்று நாம் தாராளமாகச் சொல்வோம். அதை 'வாக்கிங் டவுன் த ஸ்ட்ரீட், த பிக் டோர்...' என்று எழுதினால் கதவே நடந்துபோனதாக ஆகிவிடும். அதனால் அந்த இடத்தை 'போது' என்று படிக்காமல் 'நடந்துபோய்' என்று படிக்கச் சொன்னேன். 'நடந்துபோய் அந்தக் கதவு கண்ணில் பட்டது' என்றால் நம் காதுக்கே இடிக்கிறது பாருங்கள். செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலோடுதான், அதாவது அந்தச் செயலைச் செய்தவரோடுதான், முடியும் என்று தமிழ் வகுப்பில் படித்தது இங்கே அப்படியே பொருந்தும். தமிழ் வழியில் படித்ததைக் குறையாக நினைத்துக் குறுகுகிறாளே, இந்தக் கேள்விகளில் அதுவேதான் அவளுக்குப் பலம்.

வித் என்று தொடங்கும் தொடரும் அப்படித்தான். நாம் 'தேக்குத் தூண் உள்ள வீட்டை வியாபாரிக்கு விற்றார்' என்போம், விவரம் பெயருக்கு முன்னால் நிற்கும், குழப்பமில்லை. ஆங்கிலத்தில் அது பெயருக்குப் பின்னால் போகும். ஹவுஸ் பக்கத்தில் ஒட்டாமல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விட்டால் தேக்குத் தூண் வியாபாரிக்குச் சொந்தமாகிவிடும். 'மட்டும்' நமக்குச் சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். தேர்வில் 'ஒன்லி' அது குறிக்கும் சொல்லுக்கு முன்னால் ஒட்ட வேண்டும்.

அப்புறம், வீட்டில் செய்ய வேண்டியது. 80 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். தப்பான கேள்வியை இடப்பக்கம் முழு வாக்கியமாக எழுதட்டும், வலப்பக்கம் தன்னை இழுத்துவிட்ட தமிழ்த் தொடரை எழுதட்டும். தினம் ஐந்து போதும். சந்தேகமாக இருந்தால் கொடுத்த விடைகளில் இரண்டையாவது தள்ளிவிட்ட பிறகே தொடச் சொல்லுங்கள். ஏழு தாளிலும் குருட்டாம்போக்கில் அடித்ததில் நிறைய மதிப்பெண் கழிந்திருக்கிறது.

இருபது பக்கம் நிறைந்ததும் நோட்டோடு அனுப்பிவையுங்கள், நான் பார்த்துத் தருகிறேன். அதற்குக் காசு ஒன்றும் வேண்டாம். அந்த இருபதாயிரத்தை எடுத்து வையுங்கள், நேர்முகத் தேர்வுக்குப் போகும் செலவுக்கு ஆகும்.